சலவைத்தூளும் கிணற்று நீரும்
(நம் சங்கத்துத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் யாம் இரசாயனம் பேசப் புகுந்தது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் இவ்விஷயத்தில் யாம் பட்டு அறிந்தேம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறிற்று. பல நாள் மின்சாரம் இன்மையால் எம் ஊரிற் குழாய்கள் வறண்டன. கைவிடப்பட்டுக் கிடந்த பழங்கிணற்றையே தெருவார் நாடினர். யாம் வீட்டு மூலையில் வாய் திறந்து கிடந்த பையினின்றும், பிளீச்சிங் பவுடர் என்று கடைகளில் வழங்கும் சலவைத்தூளை இருகை அள்ளி அதில் வீசி, 'இனி அஞ்சற்க' என்றேம். நான்காம் நாள் எம் இளைய மகள் வயிற்றுப்போக்கால் வாடி மருத்துவமனையிற் கிடந்தாள். அண்டை வீட்டார் இருவரும் அங்ஙனமே. நோய் அக்கிணற்றினின்றே வந்தது என்று அறுதியிட இயலாது. எனினும், அவர்கள் குடித்தது எம் சொல்லை நம்பியன்றோ! அருளால் மூவரும் பிழைத்தனர்.

பின்னரே எம் பிழைகளை ஆராய்ந்தேம். வேதாரணியத்து உப்பளங்களில் விளையும் அதே உப்பின் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் என்னும் வாயு பிறக்கும். அதனை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றியதே சலவைத்தூள். 1799-ல் கிளாஸ்கோ நகரத்து டெனன்ட் என்பார் இதற்கு உரிமை பெற்றார். புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு வரை பயன்படு குளோரின் உண்டு. காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் அது கழிந்துபோம். யாம் வீசியது பெரும்பாலும் வெறுஞ் சுண்ணாம்பே போலும்!

அளவும் தெரிந்திலேம். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் நீர் நிற்கும். தெளிந்த நீராயின் 1,000 லிட்டருக்கு நல்ல தூள் 2.5 கிராம், ஆக, 24 கிராம் அளவு. தூளை வாளியிற் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் நிறுத்தினால் சுண்ணாம்பு அடியிற் படியும். மேல்நீரை மட்டும் வேறு வாளியில் வடித்துக் கிணற்றின் அடிவரை இறக்கி, ஏற்றியும் தாழ்த்தியும் கலத்தல் வேண்டும். ஒரு மணி நேரம் எவரும் நீர் சேந்தலாகாது. இரவில் இடுதல் நன்று.

கலங்கல் நீர் குளோரினை விழுங்கிவிடும். ஆதலின் முதலில் தெளிவித்தல் வேண்டும். தேற்றாங்கொட்டை இழைத்து நீர் தெளித்தலைக் கலித்தொகைப் புலவரும் அறிவர். ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. கண்ணுக்குப் பளிங்கெனத் தோன்றும் நீரிலும் வாந்திபேதிக் கிருமி வாழும். 2022 ஜூலையில் நம் அண்டைக் காரைக்காலில் அந்நோய் பரவ, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டதை மறந்தீரல்லீர்.

'மருந்து வாடை வீசுகிறதே!' என்று குழாய்நீரை வெறுக்கும் தாய்மார்க்கு ஒன்று சொல்வேம். அவ்வாடை பெரும்பாலும் குளோரின் இன்னும் எஞ்சிக் காவல் நிற்பதன் அடையாளம். லிட்டருக்கு அரை மில்லிகிராம் எஞ்சுதல் போதும். மூடாத பானையில் நாட்பட வைத்தால் அக்காவலும் நீங்கும்.

வெள்ளம் புகுந்த வீட்டில் முதலிற் சேற்றை வழித்துக் கழுவிய பின்னரே தூட்கரைசலால் துடைக்க. லிட்டருக்கு 30 கிராம் கரைத்தது தரைக்கு ஆம், குடிநீர்க்கு ஆகாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு அதனை ஒருகாலும் கலவாதீர். மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். சன்னல்களைத் திறந்து வைக்க.

நம் சங்கச் சத்திரத்துக் கிணற்றை ஐப்பசி மழைக்கு முன் தூர் வாரக் கருதியுள்ளோம். அதன் விட்டமும் நீராழமும் அளந்து எழுதித் தர இளைஞர் இருவர் முன்வருவாராக. தூளை மூடிய புதிய பொட்டலமாக யாமே வாங்கி வருவேம்; எம் வீட்டுப் பழைய பை எருக்குழியிற் புதைக்கப்பட்டது.