வானத்தில் இருந்து வரும் செய்தி நம் வாசலுக்கு வர வேண்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "கோடி கோடியா செலவு பண்ணி ராக்கெட் விடுறாங்களே, குழுவுல இருக்கிற நமக்கு அதனால என்ன பிரயோஜனம்?" எல்லோரும் சிரிச்சோம். ஆனால் கடற்கரையில் குடியிருக்கிற நமக்கு அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம்.

2004 டிசம்பர் 26-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. சுமத்ரா பக்கத்தில் கடலுக்கு அடியில் நிலநடுக்கம் வந்தபோது நம்ம நேரம் காலை ஆறரை மணி. அலை நம் கரையைத் தொட்டது எட்டரை மணிக்கு மேல். நடுவில் இரண்டு மணி நேரம் இருந்துச்சு. ஆனால் "அலை வருது, மேட்டுக்கு ஓடுங்க" என்று சொல்ல ஆள் இல்லை. பசிபிக் பெருங்கடலுக்கு 1949-லேயே எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. நம் இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அப்படி ஒன்று இல்லை.

கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெண்கள். ஏன்? மீன் வாங்கக் கரையில் காத்திருந்தது பெண்கள். வீட்டில் குழந்தைகளோடு இருந்தது பெண்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புடவையோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? அதனால் எச்சரிக்கை என்பது முதலில் பெண்களின் பிரச்சினை.

சரி, இதற்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம்?

1967-ல் உலக நாடுகள் ஒரு ஒப்பந்தம் செய்தன. விண்வெளி எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே அணுகுண்டை நிறுத்தி வைக்கக் கூடாது. அதை எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் பயன்படுத்த வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நம் நாடும் அதில் இருக்கிறது. பிறகு 2000-ல் இன்னொரு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பெரிய பேரிடர் நடந்தால், எந்த நாட்டுச் செயற்கைக்கோளாக இருந்தாலும், எடுக்கிற படங்களைப் பாதிக்கப்பட்ட நாட்டுக்கு இலவசமாகக் கொடுப்பது. நம் இஸ்ரோ 2001-ல் இதில் சேர்ந்தது. நம்ம குழுவில் ஒருத்தருக்குக் கஷ்டம் என்றால் எல்லோரும் சேர்ந்து கை கொடுக்கிற மாதிரிதான் இதுவும்.

சுனாமியின்போதும் அப்படிப் படங்கள் கிடைத்தன. ஆனால் அவை அலை வந்து போன பிறகு எடுத்த படங்கள். முன்கூட்டியே சொல்வதற்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. யுனெஸ்கோ வழியாக இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒன்று கூடின. 2007-ல் ஹைதராபாத்தில் நம் நாட்டு சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. ஆழ்கடலின் தரையில் ஒரு கருவி தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும். மேலே மிதக்கிற மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து ஹைதராபாத்துக்கு வந்துவிடும். இந்தச் செய்தி நமக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள நாடுகளுக்கும் போகிறது.

புயலுக்கும் இப்படித்தான். 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிற இன்சாட் செயற்கைக்கோள்கள் கடலில் மேகம் சுழல ஆரம்பிக்கும்போதே காட்டிவிடும். ஒடிசாவில் 1999 புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு பத்துக் கணக்கில் நின்றது. செயற்கைக்கோள் மட்டும் இதைச் செய்யவில்லை. செய்தியை ஊர் ஊராகக் கொண்டு போன ஆட்களும், தங்குவதற்குக் கட்டிய பாதுகாப்புக் கட்டடங்களும் சேர்ந்துதான் செய்தன.

ஆனால் 2017 ஒக்கி புயலில் நடந்தது என்ன? ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்குச் செய்தி எட்டவே இல்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வர ஆரம்பித்தன.

கரையிலும் இதே குறை இருக்கு. 2018 கஜா புயலுக்குப் பிறகு நாங்கள் போன ஒரு குடியிருப்பில் ஒரு சகோதரி சொன்னாங்க: "மெசேஜ் எங்க வீட்டுக்காரர் போனுக்கு வந்திருக்கு. அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். நானும் மாமியாரும் பிள்ளைங்களும் ஓடு பறக்க ஆரம்பிச்ச பிறகுதான் வெளியே ஓடினோம்." 36,000 கி.மீ. கடந்து வந்த செய்தி அவங்க வீட்டு வாசலுக்கு வரவில்லை. அந்தக் கடைசி தூரத்தைக் கடக்க வைக்க எந்த ராக்கெட்டும் வராது. அது நம்ம வேலை.

அதனால் இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுத வேண்டியவை:

1. எச்சரிக்கைச் செய்தி சொல்ல இரண்டு உறுப்பினர்கள் பொறுப்பு. ஒருத்தர் ஊரில் இல்லை என்றால் மற்றவர்.

2. தெருவில் உள்ள முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், தனியாக இருப்பவர்கள் பட்டியல். யார் வீட்டுக்கு யார் போவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

3. பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டுக்காரர் எண்ணோடு நம்ம எண்ணையும் கொடுப்பது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. மனப்பாடமாகத் தெரியணும்.

4. ரேஷன் கார்டு, பாஸ்புத்தகம், குழு நோட்டு மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பையில்.

5. பாதுகாப்புக் கட்டடத்துக்குப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பார்ப்பது. பகலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை.

இன்னொன்று. நிலம் பலமாகக் குலுங்கினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எந்தச் செய்திக்கும் காத்திருக்காதீங்க. வேடிக்கை பார்க்க நிற்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்க.

ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியா சாஹி என்ற இரண்டு கடலோரக் கிராமங்கள் 2020-ல் "சுனாமிக்குத் தயாரான ஊர்" என்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்ற கடற்கரை மக்கள்தான். வாராவாரம் சேமிப்புக் கட்டத் தவறாத நம்மால் இது முடியாதா?

கேள்வி கேட்ட அக்காவுக்கு எங்கள் பதில் இதுதான்: ராக்கெட்டால் நமக்குப் பிரயோஜனம் உண்டு. அதன் செய்தியைப் பக்கத்து வீட்டுக் கதவு வரை நாம் கொண்டுபோனால்.