வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம்



பிரித்தானியாவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கும் நம் பழைய மாணவிகள், ஆய்வுகூடத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் கிரெஸ்ட் விருதுகளில் அப்பிள்ளைகளும் சேரலாம். வெண்கலத்துக்குச் சுமார் 10 மணித்தியால வேலை, வெள்ளிக்கு 30, தங்கத்துக்கு 70. பரீட்சை இல்லை. பாணை எங்கே வைத்தால் கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும் என்று பார்ப்பதும் ஆய்வுதான். கேள்வி பிள்ளையினுடையதாக இருக்கட்டும். நம் காலத்தில் விடை முதலில் வரும், பரிசோதனை பிறகுதான் வரும்! தாய்மாரே, பிழைத்துப்போன பரிசோதனையைத் திருத்தாதீர்கள்; பிள்ளை நடந்ததை நடந்தபடி எழுதட்டும். வைத்தியர்களும் பொறியியலாளர்களுமாய் இங்கே நிறைந்திருக்கும் நாம், தாயும் பக்கத்தில் இருக்க, மாதம் ஒரு மணித்தியாலம் கணினித் திரைவழியே அப்பிள்ளையிடம் "ஏன் அப்படி நடந்தது?" என்று கேட்கலாமே. விரும்புவோர் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.