பழைய செம்பு பாய்லர் வாங்கப் போகிறீர்களா?

(நம் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், உங்க கொட்டாயில பழைய செம்பு பாய்லர் வச்சிருக்கீங்களாமே, எங்க வாங்கினீங்க? எங்களுக்கும் ஒண்ணு வேணும்." தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

வாங்கிய கதையைச் சொல்கிறேன். வாங்கிய பிறகு நடந்ததையும் சொல்கிறேன். இரண்டாவதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். என் மனைவியிடம் அனுமதி வாங்கிவிட்டேன், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பென்னாகரம் ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதில் ஓர் அறை, ஒரு குளியலறை, ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான் கொட்டாய். அங்கே கரண்ட் இருக்கும், வோல்டேஜ் இருக்காது. மார்கழிக் குளிரில் ஹீட்டரை நம்பினால் மத்தியானம்தான் குளிக்கலாம். கவாத்து செய்த மாங்கிளையும் தேங்காய் மட்டையும் சும்மா கிடக்கின்றன. அதனால்தான் பாய்லர் யோசனை வந்தது.

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பாய்லரின் நடுவில் ஒரு குழாய் மேலிருந்து கீழ்வரை போகும். அதற்குள் விறகுத் துண்டோ கொட்டாங்குச்சியோ போட்டு எரிப்போம். குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். ரஷ்யாவில் தேநீருக்கு வைக்கும் சமோவாரும் இதே அமைப்புதான். நெருப்பைச் சுற்றி நாலாபுறமும் தண்ணீர் இருப்பதால் சூடு அதிகம் வீணாவதில்லை.

வங்கியில் இருந்தவன் கணக்குப் போடாமல் வாங்குவேனா? இரண்டு வாளி, அதாவது 30 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 750 கிலோகலோரி வேண்டும். மின்சாரத்தில் அது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,000 கிலோகலோரி இருக்கிறது. அதில் கால்பங்கு தண்ணீரில் ஏறினாலும் முக்கால் கிலோ விறகு போதும். ஆகவே விறகை விலைக்கு வாங்குபவருக்குப் பாய்லரில் பெரிய லாபம் கிடையாது. டவுனில் நல்ல கரண்ட் உள்ளவர்கள் ஆசைக்காக வாங்காதீர்கள். சொந்தத் தோப்பு உள்ளவர்களுக்குத்தான் இது கட்டும்.

சரி, வாங்குவது எப்படி? பழைய பாத்திரக் கடையில் எடைக்குத்தான் கொடுப்பார்கள். நான் வாங்கியது எட்டு கிலோ. கிலோ 850 ரூபாய் வீதம் 6,800. வீட்டுக்கு வந்து உள்ளே சுரண்டினேன். அரை கிலோவுக்கு மேல் உப்புப் படிவு உதிர்ந்தது. நம் ஊர் போர் தண்ணீர் அப்படி. செம்பு விலைக்கு உப்பை வாங்கி வந்திருக்கிறேன்! கீழேயுள்ள இரும்புக் கம்பித்தட்டுக்கும் அதே விலைதான். ஆகவே தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் படிவைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஒரு காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டினால் செம்பு சிவப்பாகவும் பித்தளை மஞ்சளாகவும் தெரியும். பிறகு கடையிலேயே விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொல்லி, காய்ந்த தரையில் அரை மணி நேரம் வையுங்கள். நடுக்குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, கடைசியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டை விழுவது பெரும்பாலும் நெருப்புப் படும் அந்தக் குழாயில்தான்.

வாங்கிய பிறகு மூன்று விஷயம். முதலாவது, தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டக் கூடாது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஆனால் உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது, பற்று பிழைக்கும். இரண்டாவது, மூடியை இறுக்கி அடைக்காதீர்கள். ஆவி வெளியேற வழி வேண்டும். மூன்றாவது, அந்தத் தண்ணீர் குளிக்க மட்டும். பழைய பற்றில் காரீயம் இருக்கலாம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு வேறு உண்டு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகப் பார்த்தேன். பார்க்காமல் விட்டது ஒன்றுதான். பாய்லரை எங்கே வைப்பது?

முதல் வாரம் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். குளியலறைக்குப் பன்னிரண்டு அடி வாளி தூக்க வேண்டும். எனக்குச் சோம்பல். பாய்லரையே குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். விறகு எரித்தால் சுவர் கறுக்கும் என்று அடுப்புக்கரி போட்டேன். புகையே இல்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு. குளிர்காற்று வருகிறது என்று வெண்டிலேட்டரில் சாக்கை மடித்துச் செருகியதும் நானேதான்.

மூன்றாம் நாள் காலை என் மனைவி குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் குவளை விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். நல்லவேளை, தாழ்ப்பாள் பழையது; ஒரே தள்ளில் திறந்துகொண்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. சேலையைச் சுற்றி வெளியே மாமரத்தடிக்குத் தூக்கி வந்தேன். வாந்தி எடுத்தார். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம்தான் தெளிவாகப் பேசினார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம் என்று வரிசையாக வரும். எழுந்து போக வேண்டும் என்ற நினைவு வருவதற்குள் கால் விட்டுவிடும். "இன்னும் பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்" என்றார்.

புகை வந்தால் இருமுவோம், வெளியே ஓடுவோம். புகை இல்லாத கங்கைத்தான் நாம் நம்பி அறைக்குள் எடுத்துப் போகிறோம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இறந்ததாகப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். ஐயோ பாவம் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

பாய்லர் வாங்காதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் நகரில் சில வீடுகளில் கேஸ் கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதிலும் இதே வாயு வரலாம். தயவுசெய்து வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். மாற்றும்வரை தண்ணீரை முதலில் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்த பிறகு குளியுங்கள். வெண்டிலேட்டரை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். யாராவது மயங்கிவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு உடனே வெளியே தூக்கி வாருங்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். உள்ளே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காதீர்கள்.

எந்த வீட்டில் கீசர் உள்ளே இருக்கிறது என்று இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பட்டியல் எடுக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு வீடாக வர நான் தயார்.

அந்தப் பாய்லரை விற்றுவிடலாம் என்றேன். வேண்டாம் என்றது என் மனைவிதான். இப்போது அது தாழ்வாரத்தில், மூன்று பக்கமும் திறந்த இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அடிக்கும் வாளி தூக்குவது நான்.