இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே
(தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



ஒரு தோட்டத்திற்குப் புதிய டிராக்டர் ஒன்று வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழையதைக் காட்டிலும் அதற்கு வலிமை மிகுதி. பின் சக்கரங்களும் பெரியவை. ஆனால், பால் ஏற்றும் டிரெய்லர் மட்டும் பழையதே. இரண்டையும் அருகில் கொண்டுவந்து இணைத்துப் பார்க்கிறார்கள். துளையோடு துளை சேருகிறது, ஆணி இறங்குகிறது. 'பொருந்திவிட்டது' என்று எல்லாரும் மகிழ்கிறார்கள். ஆணி பொருந்துவது வேறு. இரு வண்டிகளுக்கும் இடையே போதிய இடைவெளி இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

இஃது ஓட்டுநருக்கு மட்டும் உரிய செய்தியன்று. டிரெய்லரை மாட்டிவிடுபவர், பால் வாளியைத் தூக்கிக் கொடுப்பவர், நிறுவை நேரத்தில் வண்டியைச் சுற்றி நிற்பவர் ஆகிய அனைவருக்கும் உரியது. ஏனெனில், அந்த இடைவெளி குறையும்போது அதற்குள் அகப்படுவது பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர்.

ஐந்தாம் சக்கரம் என்பது யாது?

நம் முன்னோர் மாட்டு வண்டி ஓட்டியவர்கள். ஏர்க்கால் குட்டையாக இருந்தால் இறக்கத்தில் வண்டி முன்னேறி மாட்டின் பின்னங்காலை இடிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எனவே, மாட்டுக்கும் வண்டிக்கும் இடையே எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே ஏர்க்காலை அமைத்தார்கள்.

மேல்நாட்டுக் குதிரை வண்டிகளில் நான்கு சக்கரங்கள் இருந்தன. முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, வண்டியின் அடியில் ஒரு வட்டத் தட்டைப் படுக்கையாகப் பொருத்தினார்கள். அதற்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர் வந்தது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃபுருஹாஃப் என்னும் கொல்லர், மர வணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்வதற்காக, காரின் பின்னால் இணைக்கும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அந்த வழியில் வளர்ந்தவையே இன்று கிள்ளான் துறைமுகச் சாலையில் கொள்கலன்களை இழுத்துச் செல்லும் நெடிய லோரிகள். அவற்றின் பின்புறத்தில் மசகு பூசப்பெற்ற கனத்த இரும்புத் தட்டு ஒன்றைக் காணலாம். டிரெய்லரின் அடியிலுள்ள தடித்த ஆணி அத்தட்டின் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெயர் மட்டும் இன்றும் ஐந்தாம் சக்கரம்தான்.

அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர், வீடு போன்ற டிரெய்லரைச் சிறிய திறந்த லோரியின் பின்தட்டிலேயே இவ்வாறு மாட்டி இழுக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு இடைவெளிகளை. ஒன்று, திரும்பும்போது டிரெய்லரின் முன் மூலை லோரியின் முன்னறையை இடியாமல் இருக்க வேண்டும். மற்றொன்று, மேடுபள்ளத்தில் டிரெய்லரின் அடிப்பாகம் லோரியின் பக்கச் சுவரில் மோதாமல் இருக்க வேண்டும். பக்கச் சுவருக்கு மேல் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடம் விடுவது அவர்களின் பொது வழக்கம். அது நல்ல சாலைக்கான அளவு என்பதை மறக்கலாகாது.

நேராக நிற்கும்போது அளப்பது போதாது

ஒரு கணக்கைப் பார்ப்போம். லோரியில் மாட்டிய டிரெய்லர் ஒன்றில், ஆணிக்கும் அதன் முன் சுவருக்கும் இடையே 90 சென்டிமீட்டர். டிரெய்லரின் அகலத்தில் பாதி 120 சென்டிமீட்டர். ஆணியிலிருந்து லோரியின் முன்னறை 140 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. நேராக நிற்கும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி தெரிகிறது. தாராளம் என்று தோன்றும். ஆனால், ஆணியிலிருந்து டிரெய்லரின் முன் மூலை வரை குறுக்காக அளந்தால் 150 சென்டிமீட்டர் வரும். வண்டி திரும்பும்போது முன்னே வருவது அந்த மூலையே. முன்னறையோ 140இல் இருக்கிறது. மோதல் உறுதி.

நம் தோட்டத்து டிராக்டருக்கு வருவோம். இங்கே ஆணி பின் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புச் சட்டத்தை ஏர்க்கால் என்றே அழைப்போம். ஆணியிலிருந்து டிரெய்லரின் முன் பலகை வரை ஏர்க்கால் 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பின் சக்கரத்தின் வெளி விளிம்பு, டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர். சக்கரத்தின் பின் விளிம்பு ஆணிக்கு 20 சென்டிமீட்டர் முன்னால். நேராக நிற்கையில் சக்கரத்திற்கும் பலகைக்கும் இடையே 110 சென்டிமீட்டர் வெளி இருக்கும். ஒரு மனிதர் வசதியாக நிற்கலாம். டிராக்டர் 60 பாகை திரும்பினால் அந்த வெளி ஏறத்தாழ 22 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். முழுமையாக மடங்கினால் ஒன்றும் எஞ்சாது. சற்று முன்பு மனிதர் நின்ற இடத்தில் இப்போது ஒரு சாண் அளவே மிச்சம்.

இதனுடன் சரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் பாதையிலிருந்து, அதே அளவு ஏறும் பாதைக்கு வண்டி செல்கிறது. கால்வாய்ப் பாலத்தருகே இத்தகைய பள்ளங்கள் உண்டு. டிராக்டர் ஏறத் தொடங்கிவிட்டது. டிரெய்லர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது இரண்டின் மேற்பகுதிகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. ஆணிக்கு ஒரு மீட்டர் மேலே, இடைவெளியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறைந்துபோகும். வளைவும் பள்ளமும் ஒரே இடத்தில் கூடினால் நிலைமை என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் சக்கரத்தில் அப்பும் சேறும், பழைய டயருக்குப் பதிலாகப் போட்ட பெரிய டயரும் எஞ்சியதையும் தின்றுவிடும்.

தவறான மருந்து

இடைவெளி போதவில்லை என்று கண்டவுடன் சிலர் எளிய வழி ஒன்றைத் தேடுவார்கள். டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த இழுவைச் சட்டத்தில் மாட்டாமல், அதற்கு மேலே வேறோர் இடத்தில் மாட்டுவார்கள். இது நோயைக் காட்டிலும் கொடிய மருந்து. இழுக்கும் புள்ளி உயர உயர, டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும் தன்மை மிகுதியாகும். ஏற்றத்தில் சுமையோடு டிரெய்லர் தடைபட்டு நின்றால், டிராக்டர் பின்புறமாகப் புரண்டு ஓட்டுநரின் மேலேயே விழலாம். அது நிகழ ஓரிரு வினாடிகளே போதும். குதித்துத் தப்ப நேரமிராது. ஆகவே, உற்பத்தியாளர் அமைத்த தாழ்ந்த இழுவைச் சட்டத்தைத் தவிர வேறெங்கும் டிரெய்லரை மாட்டக்கூடாது.

இன்னும் சிலர் டிராக்டரின் இழுவைச் சட்டத்தோடு ஓர் இரும்புத் துண்டை ஒட்டிப் பின்னே நீட்டுவார்கள். சுமை பின்னே தள்ளிப்போகும். முன் சக்கரங்கள் பாரம் குறைந்து, திருப்பினாலும் திரும்பாமல் வழுக்கும். பின் சக்கரங்களை உட்புறமாக நெருக்கி வைத்தாலோ சரிவில் வண்டி பக்கவாட்டில் கவிழ எளிதாகும். நேரிய வழி ஒன்றே: டிரெய்லரின் ஏர்க்காலை அந்த டிராக்டருக்கு ஏற்ற நீளத்தில், நிர்வாகத்தின் ஒப்புதலோடு, பயிற்சி பெற்றவரைக் கொண்டு பட்டறையில் அமைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த இணையை வேலைக்கு அனுப்பலாகாது.

எவ்வாறு சோதிப்பது?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் போதும். பெரட்டுக் களம் போன்ற சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஆணியிலிருந்து டிரெய்லரின் முன் பலகை வரை அளந்து எழுதுங்கள். டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து பின் சக்கரத்தின் வெளி விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். முதல் அளவு இரண்டாவது அளவைவிட ஒரு சாணாவது மிகுதியாக இருக்கட்டும். டிராக்டரின் கையேடு இதனினும் கூடுதலாகக் கேட்டால் கையேட்டின்படியே செய்யுங்கள். ஏர்க்கால் இரு கிளைகளாக விரிந்திருந்தால், சக்கரம் முதலில் தொடுவது அக்கிளையையே; அதனைத் தனியே பாருங்கள்.

அடுத்து, வெறும் வண்டியை மெல்ல முன்னே செலுத்தி இடப்புறம் திருப்புங்கள். நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, இயந்திரத்தை அணைத்த பிறகே ஒருவர் அருகில் சென்று அளக்க வேண்டும். வலப்புறமும் அவ்வாறே செய்யுங்கள். பின்னர்ச் சுமையோடு ஒருமுறை பாருங்கள். ஆயிரம் லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு டன் எடை. அந்தப் பாரத்தில் டயர் அமுங்கும், ஏர்க்கால் தாழும். இறுதியாக, உங்கள் தோட்டத்தின் மிக மோசமான வளைவிலும் பள்ளத்திலும் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தேறிய பிறகு, எந்த டிராக்டருக்கு அந்த டிரெய்லர் ஏற்றது என்பதை முன் பலகையில் வண்ணத்தால் எழுதிவையுங்கள். டிராக்டரையோ டயரையோ மாற்றினால் மீண்டும் அளவுங்கள்.

இடைவெளி மனிதருக்கு உரியதன்று

தோழர்களே, எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த இடைவெளி வண்டி திரும்புவதற்கு உரியது. மனிதர் நிற்பதற்கு உரியதன்று. ஏர்க்காலின்மேல் நின்றுகொண்டு பயணம் செய்யும் பழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். வண்டி பின்னோக்கி வரும்போது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே நின்று ஏர்க்காலைத் தூக்கிப் பிடிக்கும் பழக்கமும் அத்தகையதே. மாட்டிவிடுபவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி ஒதுங்கி நின்று கையசைத்து வழிகாட்டட்டும். வண்டி நின்று, பிரேக் போட்ட பிறகே உள்ளே சென்று ஆணியை இறக்கட்டும். வழிகாட்டுபவர் கண்ணுக்குத் தெரியாமற்போனால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும்.

'பால் உறைவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா? இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. வெட்டிய பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும் என்பதும், அதனால் விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால், உறைந்த பால் கட்டிப்பாலாகவேனும் விற்பனைக்குச் செல்லும். நசுங்கிய காலுக்கு அத்தகைய இரண்டாம் விலை கிடையாது. பின்னர் அந்த வீட்டு அடுப்பு எரிவதற்கு யார் வழி சொல்வது?

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உரியது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற அச்சட்டத்தின் புதிய விதிகள் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தன. வேலையில் உள்ள அபாயங்களை மதிப்பிட்டுத் தடுப்பது முதலாளியின் கடமை. உடனடி அபாயம் இருப்பதை எடுத்துச் சொல்லியும் நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. தம்மையும் பிறரையும் காக்கும் வகையில் கவனமாக நடந்துகொள்வது தொழிலாளியின் கடமையுமாகும். ஆகவே, 'சக்கரம் பலகையை உரசுகிறது' என்று மேலாளரிடமோ கிராணியாரிடமோ சொல்வது முறையீடு அன்று; கடமையே.

உரசலின் அடையாளம் விபத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். பலகையில் டயரின் கரிய தடம், ஏர்க்காலில் வண்ணம் உதிர்ந்த இடம், வளைந்த மட்கார்ட் ஆகியவை வண்டி நமக்கு எழுதும் கடிதங்கள். கண்கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயனில்லை. நாளைக் காலையில் வண்டி புறப்படுமுன் அந்தத் தடம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், ஓர் அளவு நாடாவை எடுங்கள்.