நெஞ்சும் அறியாத பொய்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வாய்மையைப் பற்றிப் பேசுமிடத்து வள்ளுவர் நெஞ்சையே சான்றாக நிறுத்துகிறார். ஊரை ஏய்த்தவன் ஊரிடமிருந்து தப்பிவிடலாம். உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த நெஞ்சிடமிருந்து தப்ப இயலாது என்பது அங்குள்ள கருத்து. ஆனால் இக்கருத்தின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. பொய் சொல்பவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரிந்திருக்கும் என்பதே அது. தெரியாதபோது என்ன செய்வது? நெஞ்சே பொய்யின் பங்காளியாகிவிட்டால் யாரைச் சான்றாக அழைப்பது?

பிறரை ஏமாற்றுபவனுக்கு உண்மை எங்கே இருக்கிறதென்று தெரியும். அதை மறைக்க வேண்டியிருப்பதால் அவன் ஒருபோதும் அயர்ந்திருப்பதில்லை. தன்னை ஏமாற்றிக்கொள்பவனோ மனம் ஒன்றிப் பேசுகிறான். அவன் கண்ணில் நீர்கூட அரும்பும். அந்த நீர் பொய்யன்று. அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பொய். கவிஞர்களுக்கு இவ்வாபத்து ஏனையோரினும் மிகுதி. உணர்வைச் சொல்லாக்குவது அவர்கள் தொழில். நாளடைவில் சொல்லே உணர்வை உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. எது முன்னர் வந்தது என்று கேட்பாரும் இல்லை.

தமிழுலகம் நன்கறிந்த நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டுகூட நிரம்பாத உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அப்பெயரைச் சொன்னால் முகம் மலராத தமிழன்பர் இருக்க மாட்டார் என்று ஐயர் நம்பியிருந்தார். முதலியார் முகம் மலரவில்லை. என்னென்ன நூல்கள் பாடம் கேட்டீர்கள் என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என ஐயர் வரிசையாகச் சொன்னார். நெடிய பட்டியல் அது. முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

அப்போது ஐயர் தந்த விடைதான் இவ்வுரைக்கு உயிரான செய்தி. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல இயலும் என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். இது பொய்யா? அன்று. ஐயர் மனமறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. அக்காலத்தில் தமிழகத்திலேயே பெரிய புலவரிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பாடம் கேட்டவர் அவர். அந்நம்பிக்கைக்கு வலுவான காரணங்கள் இருந்தன. தன்னேமாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. முழுப் பொய்யிலிருந்து அது பிறப்பதில்லை. உண்மையான தகுதி ஒன்று கையில் இருக்கும். அதை ஒரு முழம் நீட்டினால் இதையும் எட்டிவிடலாம் என்று மனம் கணக்கிடும். நீட்டிப் பார்க்கும் வேளை வராதவரை கணக்குப் பிழையாவதில்லை.

ஐயருக்கு அவ்வேளை வந்தது. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தனுப்பினார். ஏடு விரிந்தது. கற்ற இலக்கணம் கைகொடுத்தது, செய்யுள் பிரிந்தது, ஆனால் பொருள் பிடிபடவில்லை. சைவ மடத்தின் கல்வி, சமணக் காவியத்தின் வாயிலில் வந்து நின்றுவிட்டது. கதை தெரியாது. சமயக் குறியீடுகள் தெரியா. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வரும் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதும் தெரியாது. எல்லாம் கற்றாயிற்று என்று எண்ணியிருந்தவர், தாம் கேள்வியும் படாத ஒரு தமிழ் இருப்பதைக் கண்டார்.

இவ்விடத்தில் பலருக்கும் வழக்கமாகத் தோன்றும் எண்ணங்கள் சில உண்டு. இது நம் சமயத்து நூலன்று. ஏடெழுதியவன் பிழைபட எழுதிவிட்டான். இந்த முன்சீப்புக்குத் தமிழ் எவ்வளவு தெரியும்? இவற்றுள் எதைச் சொல்லியிருந்தாலும் அன்றைய கும்பகோணத்தில் ஐயரின் மதிப்புக் குறைந்திராது. அவர் செய்தது வேறு. அவ்வூரில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று, தமக்கு விளங்காதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்லூரிப் புலவர் மயங்கிநின்ற சொற்கள் பல அவர்கள் வீட்டில் அன்றாடம் வழங்கும் சொற்களாக இருந்தன. ஏழாண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சாகி வந்தது. ‘கிடைத்தால்’ என்ற ஒரு சொல் உடைவதற்கு வேண்டியிருந்த காலம் அது.

இச்செய்தியை உலகுக்குச் சொன்னவரும் ஐயரே என்பதை மறந்துவிடலாகாது. 1940 முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது அவர் எண்பது வயதைக் கடந்தவர், மகாமகோபாத்தியாயர், டாக்டர். மறுத்துரைக்க முதலியார் உயிரோடு இல்லை. தமக்குச் சாதகமாக ஒரு சொல்லை மாற்றிக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. அவரோ முதலியாரின் பாராமுகத்தையும், தமது செருக்கான விடையையும், அதன்பின் வந்த திகைப்பையும் உள்ளவாறே வைத்தார். அதிலும் ஒரு நயம் உண்டு. தம் குறையைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று அவர் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னார், நூலின் பக்கம் திரும்பிவிட்டார். தன் குற்றத்தை அழகுபடச் சொல்லி, அந்த அழகுக்குப் பாராட்டும் பெற்றுக்கொள்ளும் பழக்கம் கவிதையில் மிகுந்துவருகிறது. ‘எவ்வளவு நேர்மையானவன் பார்’ என்று கேட்காமல் கேட்கும் ஒப்புதல் வாக்குமூலம், தன்னேமாற்றத்தின் புதிய ஆடையன்றி வேறில்லை.

1894இல் ஐயர் பதிப்பித்த புறநானூறு இன்னொரு சான்று. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகளும் சீர்களும் சிதைந்துள்ளன. அவ்விடங்கள் அச்சில் புள்ளிகளாக நிற்கின்றன. ஐயர் வெறும் பதிப்பாசிரியர் அல்லர். நினைத்த மாத்திரத்தில் செய்யுள் இயற்றும் பயிற்சியுடையவர். ஒரு சீர் குறைந்த இடத்தில் ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்த ஒரு சொல்லை இட்டு நிரப்புவது அவருக்கு அரை நாழிகை வேலை. ‘புலவர் இதைத்தான் பாடியிருப்பார்’ என்று மனம் சொல்லவும் செய்திருக்கும். திறமை உள்ளவனுக்குத்தான் இந்தச் சோதனை. புள்ளிகள் புள்ளிகளாகவே நின்றன.

இனி, கவிஞர்களின் பக்கம். ஐயரின் ‘கிடைத்தால்’ கவிஞர்களிடம் ‘நேரம் கிடைத்தால்’ என்று வழங்குகிறது. அலுவல் ஓய்ந்தால், பிள்ளைகள் கரையேறினால், ஓய்வூதியம் வந்தால், உள்ளே இருக்கும் காவியம் வெளிவந்துவிடும். எழுதப்படாத காவியத்தில் தளைதட்டுவதில்லை. அதன்மேல் உள்ள நம்பிக்கையில், எழுதப்பட்ட நாலு கவிதைகளின் குறையும் மன்னிக்கப்பட்டுவிடுகிறது.

பாரதியைச் சான்றுக்கு அழைப்பது மற்றொன்று. பாரதி வாழ்ந்த காலத்தில் அவர் பெருமையை உலகம் உணரவில்லை; இன்று இவர் பெருமையையும் உணரவில்லை; ஆகவே இவரும் பாரதி வழியினர். வாழுங்காலத்தில் போற்றப்படாதவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பாரதி ஒருவர் என்பது இந்த அளவையில் விடுபட்டுப்போகிறது. தொகுப்பு விற்காததற்குப் படிப்பவர் தரமே காரணமாகிறது. விற்றுவிட்டால் அவர்களே சுவைஞர்களாகிவிடுகின்றனர்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இரங்கற்பாவில் நேர்வது அவ்வாறன்று. நண்பர் மறைந்தார், கவிஞர் எழுத அமர்கிறார். முதலிரண்டு அடிகள் உண்மைத் துயரில் பிறக்கின்றன. மூன்றாவது அடியில் ஓர் உவமை வந்து விழுகிறது, நல்ல உவமை. அக்கணத்தில் அவர் மகிழ்கிறார். துயரம் எழுந்து வெளியே போய்விட்டது. கவிஞர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சிய அடிகள் துயரத்தின் பெயரால் உவமைக்காக எழுதப்படுகின்றன. மகிழ்ந்தது குற்றமன்று, தொழில் தெரிந்த எவனுக்கும் நேர்வதே. மகிழவில்லை என்று தனக்குத்தானே சாதிப்பதுதான் கவிதையைக் கெடுக்கிறது. இறந்தவரின் மனைவி அக்கவிதையைப் படிக்கக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டால், எங்கே கெட்டதென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படிப்போரும் இதற்கு விலக்கல்லர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் ஒரு சோதனை செய்தார். ஆசிரியர் பெயரையும் காலத்தையும் மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். பலமுறை படித்து, தங்கள் கருத்தைப் பெயர் குறிக்காமல் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார். அவர்களுட் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே பாடமாகப் பயின்றவர்கள். வந்து குவிந்த குறிப்புகளைப் பதின்மூன்று கவிதைகளுடன் சேர்த்து 1929இல் நூலாக்கினார். ஹாப்கின்ஸ், டி. எச். லாரன்ஸ் ஆகியோரின் கவிதைகளை ஏற்றவர்களைவிடத் தள்ளியவர்களே மிகுதி. லாங்ஃபெலோவின் கவிதை ஏறக்குறைய அனைவராலும் ஒதுக்கப்பட்டது. பெயர் தெரியாத நிலையில் பலர் கவிதையைப் படிக்கவே இல்லை என்பது அக்குறிப்புகளிலிருந்து விளங்கிற்று. தங்கள் சொந்த நினைவொன்றை அதில் படித்தனர். அல்லது முன்னரே ஆயத்தமாக வைத்திருந்த உணர்ச்சியை அதன்மேல் இறக்கிவைத்தனர். அல்லது தங்கள் கொள்கைக்கு அது உடன்படுகிறதா என்று மட்டும் பார்த்தனர். இவர்களே பெயர் தெரிந்திருந்தால் பிழையின்றிப் போற்றியிருப்பர். தங்கள் சுவையால்தான் போற்றுவதாக நம்பியும் இருப்பர். அம்மாணவர்கள் பொய்யர்கள் என்று ரிச்சர்ட்ஸ் கருதவில்லை. படிக்கும் பயிற்சியே தரப்படவில்லை என்றுதான் வருந்தினார்.

நெஞ்சு சான்றாகாதபோது வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டியிருக்கிறது. முதலியாரின் பிரதி ஐயருக்கு அவ்வாறு அமைந்தது. பெயர் மறைத்த தாள் அம்மாணவர்களுக்கு அவ்வாறு அமைந்தது. தமிழ்மரபு இதை அரங்கேற்றம் என்ற அமைப்பாகவே வைத்திருந்தது. தொல்காப்பியத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான் எனச் சிறப்புப்பாயிரம் கூறும். அதற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மேல் சினங்கொண்டிருந்த அகத்தியர், அந்நூலைக் கேட்கவேண்டா என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ பலகாலும் சென்று கேட்கவேண்டுமென்று வேண்டினாராம். இருவர் மனமும் நோகாதிருக்க அதங்கோட்டாசான் கண்ட வழி, நூலைக் கேட்பது, கேட்டுக் குற்றம் கூறிவிடுவது. எழுப்பிய வினாவுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார், நூல் நின்றது. கதை உண்மையோ அன்றோ, குற்றம் கூறவே வந்தமர்ந்த ஒருவரைத் தொல்காப்பியர் வலிந்து சென்று அழைத்தார் என்பது எண்ணத்தக்கது. ‘ஆகா’ என்பவர் அவருக்குக் கிடைக்காமலா போயிருப்பார்?

பத்தாண்டுகள் உடன் அமர்ந்த வட்டத்தில் ‘ஆகா’ எளிதில் கிடைக்கும். ஒருவர் அடுத்தவர் தொகுப்புக்கு அணிந்துரை வழங்குகிறார். அவர் இவருக்கு வாழ்த்துரை வழங்குகிறார். அன்பினால் நேர்வதே இது; இழிவானதன்று. ஆயினும் அவ்வன்பினுள் நின்றுகொண்டு, தம் கவிதை எவ்வளவு என்று ஒருவர் அறிந்துகொள்ள வழியில்லை. பதினோராம் ஆண்டில் ஓர் அமர்வையேனும் பெயரில்லாத தாள்களுக்கென ஒதுக்கிவைக்கலாம். கவிதைகளைக் கையெழுத்தில் தருவது பயன்படாது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எழுத்தே ஆளைக் காட்டிவிடும். ஒருவரே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தரவேண்டும். அப்போதும் நிலா வந்தால் இன்னார், வேம்பு வந்தால் இன்னார் என்று தெரிந்துவிடுமே என்று யாரேனும் தடை எழுப்பலாம். நியாயந்தான். அந்த ஓர் அமர்வுக்கு மட்டும் நிலாவையும் வேம்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும்.