மாலை ஐந்து மணித் தீ



புசா ரோட்டை ஒட்டிய இந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பிகாரின் புசா என்ற ஊரில் 1905இல் பிறந்தது. 1934 நிலநடுக்கம் அந்தக் கட்டடத்தைக் குலைத்தது. 1936இல் தில்லிக்கு இடம் பெயர்ந்தோம். இயற்கையின் சீற்றத்தைப் பட்டறிந்த நிறுவனம் இது. அதனால்தான் வானிலைச் செயற்கைக்கோள்களைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் அதே கரைக்குப் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு இரட்டை இலக்கத்தில் நின்றது. கல்பனா-1, இன்சாட்-3டி, 2024 பிப்ரவரி 17இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய இன்சாட்-3டிஎஸ் என்று நம் கண்கள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. 2025 ஜூலை 30இல் நாசாவும் இஸ்ரோவும் கூட்டாக அனுப்பிய நிசார், மேகம் மூடினாலும் இருட்டினாலும் 12 நாளுக்கு ஒருமுறை நிலத்தை அளந்து பார்க்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரியவை.

ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்த வளாகத்திலேயே நடக்கும் ஒரு வேலையைப் பற்றி. இங்குள்ள கிரீம்ஸ் ஆய்வகம் ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை, பஞ்சாபிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் நெல் தாள் எரிக்கப்படுவதைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணித்துத் தினமும் அறிக்கை தருகிறது. அமெரிக்காவின் சுவோமி என்பிபி, நோவா-20 ஆகிய செயற்கைக்கோள்களில் இருக்கும் கருவி 375 மீட்டர் நுணுக்கத்தில் தீயைக் கண்டுபிடிக்கும். ஆனால் பகலில் அவை நம் தலைக்கு மேல் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டித்தான். இன்சாட்டோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டு அரை மணிக்கொரு படம் எடுக்கிறது. அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது 4 கிலோமீட்டர். இரண்டு ஏக்கர் தீ அதில் தெரியாமலே போய்விடலாம். ஒன்று நுணுக்கமாகப் பார்க்கிறது, எப்போதாவது. இன்னொன்று ஓயாமல் பார்க்கிறது, மங்கலாக.

இந்த இடைவெளியை விவசாயி கண்டுகொண்டார். 2020இல் பிற்பகல் ஒன்றரை மணியளவில் உச்சத்தில் இருந்த எரிப்பு, 2024இல் மாலை ஐந்து மணியளவுக்கு நகர்ந்துவிட்டதை ஐரோப்பியப் புவிநிலைச் செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு இஸ்ரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிக்கைகளில் தீ நிகழ்வுகளின் எண்ணிக்கை குறைந்த அளவுக்குப் புகை குறைந்ததா என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

அவர் ஏன் மறைந்து எரிக்கிறார்? தீ தெரிந்தால் அபராதம். நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு. புயலைச் சொல்லி உயிர் காக்கும் அதே தொழில்நுட்பம் அவருக்குத் தண்டம் வசூலிக்க வரும் காவலராகத் தெரிகிறது.

சரி, எரிப்பதுதான் ஏன்? நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அகற்றிக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிஞ்சும். அங்கே விவசாயிகள் விரும்பிப் பயிரிட்ட புசா-44 விளைச்சலில் சிறந்தது, ஆனால் சுமார் 155 முதல் 160 நாள் நிற்கும் நெல் ரகம். அதை உருவாக்கியது இதே நிறுவனம். அந்த விவசாயியின் கையில் தீக்குச்சி வந்ததில் நம் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு என்பதை இந்த மேடையில் சொல்வது என் கடமை. அதற்கான பரிகாரத்தையும் இந்த வளாகம்தான் தேடியது. புசா-2090 ரகம் ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே அறுப்புக்கு வந்துவிடும். தாளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்க் கரைசலும் இங்கிருந்தே போனது.

ஆகவே ரகம் உருவாக்குபவரும் செயற்கைக்கோள் படம் படிப்பவரும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். எந்த வட்டத்தில் எந்த ரகம் என்றைக்கு அறுப்புக்கு வரும் என்று வானிலிருந்து கணித்து, விதைப்பு இயந்திரம் அங்கே முன்கூட்டியே போய் நிற்கும்படி செய்ய நம்மால் முடியும். தீ மூண்டபின் எண்ணுவதைவிட இது பெரிய அறிவியல்.

இன்று பட்டம் பெறும் உங்களில் கண்காணிப்புப் பணியில் சேரப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 15க்கு முன்பு பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வாரம் தங்குங்கள். இயந்திர வாடகை என்ன, கோதுமைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். மழை வருமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், மேகதூத் வானிலைச் செயலியைத் திறந்து அந்த வட்டாரத்துக்கான முன்னறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த அறிக்கையை அதன்பிறகு எழுதுங்கள்.