முழு இதயத்தோடு

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 31ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 12:28-34)



இன்றைய நற்செய்தியில் மறைநூல் அறிஞர் ஒருவர் இயேசுவிடம் வந்து, கட்டளைகளுக்குள் முதன்மையானது எது என்று கேட்கிறார். மத்தேயு நற்செய்தியில் இதே கேள்வி இயேசுவைச் சோதிப்பதற்காகக் கேட்கப்படுகிறது. மாற்கு அப்படிச் சொல்லவில்லை. இவர் நல்ல மனிதர். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலோடு வந்தவர். இயேசு அவருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லவில்லை. பக்தியுள்ள யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்லி வந்த செபத்தை, இணைச்சட்ட நூல் 6ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார். கடவுளை இதயத்தால், உள்ளத்தால், மனத்தால், ஆற்றலால் அன்பு செய்ய வேண்டும். இந்த நான்குக்கும் முன்னால் 'முழு' என்ற ஒரே சொல் நான்கு முறை வருகிறது.

அன்பர்களே, நம்மில் பலரைத் தடுமாற வைப்பது இந்த 'முழு' என்ற சொல்தான். முழுமை என்றால் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். எத்தனை செபமாலை, எத்தனை நவநாள், எத்தனை திருப்பயணம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எண்ணிக்கை கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் கலக்கம்.

வெவ்வேறு பங்குகளில் வெவ்வேறு தாய்மாரிடமிருந்து நான் கேட்ட ஒரு பேச்சு உண்டு. "சாமி, முன்பெல்லாம் தினமும் பூசைக்கு வருவேன். இப்போது மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். செபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டாவது பத்து முடிவதற்குள் கூப்பிட்டுவிடுகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் கடவுளை விட்டுத் தூரமாகப் போய்விட்டேன் சாமி." சொல்லும்போதே கண் கலங்கிவிடும். இதற்கு, "பரவாயில்லை அம்மா, கடவுளுக்குத் தெரியும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தத் தாய் கேட்பது பெரிய கேள்வி. பாதி செபமும் முழு எரிச்சலுமாக இருக்கும் ஒருவரால் கடவுளை முழு இதயத்தோடு அன்பு செய்ய முடியுமா?

இந்தக் கட்டளையை யூத ரபிகள் எப்படி வாசித்தார்கள் என்று பார்ப்போம். எபிரேயத்தில் இதயத்தைக் குறிக்கும் சொல்லை ஒரு 'பேத்' எழுத்தோடும் எழுதலாம், இரண்டோடும் எழுதலாம். இங்கே இரண்டு இருக்கின்றன. ஏன் இரண்டு என்று கேட்ட ரபிகள், மனித இதயத்தில் நன்மையை நாடும் நாட்டமும் உண்டு, தீமையை நாடும் நாட்டமும் உண்டு, இரண்டோடும் கடவுளை அன்பு செய் என்பதே பொருள் என்று விளக்கினார்கள். ஆற்றல் என்ற சொல்லுக்கு அவர்கள் தந்த பொருள் இன்னும் நேரடியானது: உன் காசு பணம். மிஷ்னா நூலில் இந்த விளக்கம் இருக்கிறது. நம் ஊர் மொழியில் சொன்னால், உன் மடியில் இருப்பதும் இந்தக் கட்டளைக்குள் வரும்!

முதல் விளக்கத்தைக் கவனியுங்கள். நல்ல பாதியை மட்டும் சலவை செய்து, மடித்து, ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குக் கொண்டுவந்தால் அது முழு இதயம் ஆகாது. எரிச்சல், அச்சம், பிடிக்காத வேலை என்று வெளியே காட்ட நாம் கூசுகிற அந்த மற்றப் பாதியும் அவரிடம் வரவேண்டும்.

இப்படி வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன். அவர் புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் அவருக்கு விழா கிடையாது. பிரான்சு நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ். லொரேன் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கோலா எர்மான். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காயம்பட்டவர். பிறகு ஒரு பிரபுவின் வீட்டில் ஏவலாளாக வேலை பார்த்தார். கையில் எடுப்பதையெல்லாம் உடைத்துவிடுகிற தடுமாற்றக்காரன் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸ் நகரில் கார்மேல் சபை மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். படிப்பு இல்லாததால் சமையற்கட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பிடிக்காத அந்த வேலையில்தான் சுமார் 15 ஆண்டுகள் இருந்தார். மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வாங்கி விற்பதில் அவருக்குத் திறமை இல்லை. கால் வேறு ஊனம். படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறினார். "ஆண்டவரே, இது உம்முடைய வேலை" என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்வாராம், எப்படியோ முடிந்துவிடும்.

சட்டி பானைகளின் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணை முன் முழந்தாளிட்டிருப்பது போலவே அவர் கடவுளோடு இருந்தார் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. அதற்கு முந்தைய ஆண்டுகளை நாம் அதிகம் பேசுவதில்லை. தனக்கு மீட்பு இல்லை, நரகம்தான் என்ற எண்ணம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. யார் என்ன சொன்னாலும் அது நீங்கவில்லை. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நான் மடத்துக்கு வந்தது கடவுள்மேல் கொண்ட அன்பினால்; எனக்கு மோட்சமோ நரகமோ, இருக்கிறவரை அவருக்காகவே வாழ்வேன். கூலி கிடைக்குமா என்ற கேள்வியை அவர் அன்று கைவிட்டார். அமைதி அதன் பிறகுதான் வந்தது.

நேர்ச்சை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது நம் மக்களின் நம்பிக்கை மொழி. ஆனால் நம் பக்தியில் எவ்வளவு பேரம் கலந்திருக்கிறது என்று லாரன்ஸ் நம்மைக் கேட்காமல் கேட்கிறார்.

அந்தத் தாயிடம் வருகிறேன். அம்மா, மாமியாருக்குத் துணி மாற்றும் வேலை உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று கடவுள் கேட்கவில்லை. லாரன்சுக்கும் அடுப்படி பிடிக்கவில்லை. மருமகள் என்ற கடமைக்காக மட்டும் செய்யாமல், 'ஆண்டவரே, எரிச்சலோடுதான் செய்கிறேன், உமக்காகச் செய்கிறேன்' என்று அந்த எரிச்சலையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவது பத்தில் நின்ற செபமாலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அடுத்த அறையில் தொடர்கிறது. அதே வேளையில், லாரன்ஸ் மடத்தின் செப நேரங்களை விட்டுவிடவில்லை என்பதும் உண்மை. அதனால் அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: படுத்திருப்பது உங்கள் தாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நீங்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டால் அந்த அம்மா திருப்பலிக்கு வரலாமே!

இதற்கு நேர் எதிரான நிலையும் நம்மிடம் இருக்கிறது. செபத்துக்குக் குறைவில்லை, திருவிழாவில் சப்பரத்துக்கு முதல் நன்கொடை இவருடையதுதான். ஆனால் வரப்புத் தகராறில் கூடப்பிறந்த தம்பியோடு பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே ஆலயத்தில் இவர் வலப்புறம், தம்பி இடப்புறம். சமாதான வாழ்த்து வரும்போது இருவரும் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதயத்தில் ஓர் அறை பூட்டியிருக்கிறது. சாவியைக் கடவுளிடமும் கொடுப்பதில்லை. ஒரு கட்டளையைக் கேட்டவருக்கு இயேசு இரண்டாகச் சேர்த்துப் பதில் சொன்னதன் காரணம் இவர்களைப் பார்த்தால் புரிகிறது. "தம்பியை மன்னிக்க எனக்கு மனமில்லை ஆண்டவரே" என்று உண்மையைச் சொல்லியாவது இவர் தொடங்கலாம்.

மறைநூல் அறிஞர் இயேசுவின் பதிலை ஏற்றுக்கொண்டார். எரிபலிகளையும் மற்றப் பலிகளையும் விட இந்த அன்பே மேலானது என்று, கோவிலில் நின்றுகொண்டே சொன்னார். துணிவான பேச்சுதான். அவர் இறையாட்சிக்குத் தொலைவில் இல்லை என்று இயேசு பாராட்டினார். உள்ளே வந்துவிட்டார் என்று சொல்லவில்லை. வாசல்வரை வந்த அந்த மனிதர் பிறகு என்ன ஆனார் என்று மாற்கு எழுதவில்லை. அதே அதிகாரத்தின் முடிவில், அதே கோவிலில், யாரும் கவனிக்காத ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகளோடு காணிக்கைப் பெட்டியை நோக்கி நடந்து வருகிறார். மறைநூல் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நமக்குத் தெரியாது. அவரை அடுத்த ஞாயிறு நற்செய்தியில் சந்திப்போம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.